இடப்பக்கம் அறுபத்தெட்டு கிலோ

இப்படி உட்காருங்கள் தம்பி. ஜன்னல் ஓரம் மட்டும் கேட்காதீர்கள். அது எனக்காக இல்லை, இந்த மாலைக்காக. காற்றுப் படாவிட்டால் சம்பங்கி புழுங்கிவிடும். உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் இந்த முனையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கினால் போதும், அழுத்த வேண்டாம்.

எங்கே போகிறீர்கள்? உசிலம்பட்டியா? நல்லது. நான் ஆண்டிப்பட்டி. என் தங்கை பாக்கியத்தின் மூத்த மகள் தமயந்திக்கு இன்றைக்குக் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். நான் தாய்மாமன். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் எங்களில் பெண் மணவறை ஏறலாம். மாமன் வராவிட்டால் நாயனக்காரர்கூடக் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது மணி ஏழு நாற்பத்திரண்டு. இந்த வண்டியை ஏழு நாற்பதுக்கு எடுத்திருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முப்பத்தொரு வருஷம் இதே பெரியகுளம் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவன் நான். பூவலிங்கம் என்று எந்த டிரைவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் விசில் ஊதினால் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வருவார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். சால்வையோடு நின்றுகொண்டே எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: ‘இனிமேல் இந்தப் பூவலிங்கம் பஸ்ஸில் ஏற மாட்டான். போனால் சொந்தக் காரில்தான் போவான்.’ சொன்னபடி வாங்கினேன். ஒரு டாக்டர் ஓட்டிய வெள்ளைக் கார். பெட்ரோல் வண்டி.

பிறகு ஏன் பஸ்ஸில் வருகிறேன் என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

பாட்டரி என்று சொல்லாதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டரி போனால் சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. என் கார் அப்படி இல்லை. திருப்பினால் ‘கிர்ர், கிர்ர், கிர்ர்’ என்று நன்றாகச் சுற்றும். தெம்பாகச் சுற்றும். ஆனால் பற்றாது. ஈர விறகை ஊதுகிற மாதிரி, ஊதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. ஏழு மாதமாக இருக்கிறது. சரியாகச் சொன்னால், தமயந்தி நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து.

அந்த நிச்சயதார்த்தத்துக்குக் காரில்தான் போனேன். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வருகிறார்கள். பெண்ணின் மாமன் காரில் வந்து இறங்கினால் பாக்கியத்துக்குத்தானே பெருமை? வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் போட்டவனுக்கு அறிவில்லை. கார் பின்னால் வருகிற வழியிலேயே ஒரு கால் நட்டிருக்கிறான். நான் மெதுவாகத்தான் வந்தேன். கால்தான் உறுதியில்லை. அது சாய்ந்ததும் அடுத்த கால் சாய்ந்தது, அதோடு டியூப்லைட், ‘வருக வருக’ ஃபிளெக்ஸ் எல்லாம் சாய்ந்தது. ஃபிளெக்ஸ் விழுந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அடியெல்லாம் ஒன்றும் இல்லை. ‘வருக’வுக்கு நடுவே கிழிந்து தலை வெளியே வந்துவிட்டது. ஆனால் பாயச அண்டாவைக் காப்பாற்ற முடியவில்லை.

அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டில் எனக்குப் பெயரே ‘கார் மாமா’தான். எந்த விசேஷம் பேசினாலும் ‘கார் மாமா வர்றாரா?’ என்றுதான் முதல் கேள்வி. ஒரு தடவை பார்த்ததற்கே அவ்வளவு பிரியம்.

பாக்கியம் மட்டும் இரண்டு மாதம் பேசவில்லை. கோபம் இல்லை, களைப்பு. கல்யாண வேலை என்றால் சும்மாவா? பிறகு ஒருநாள் போன் செய்தாள். “அண்ணே, நீ மாலை போடாம எம் பொண்ணு மணவறை ஏற மாட்டா. நீ வந்துரணும். ஆனா...” என்றாள். அந்த ‘ஆனா’வுக்கு மேல் அழுகை வந்துவிட்டது. நான் சமாதானம் சொன்னேன்: “சிரமப்பட்டு வர வேண்டியதில்லையேன்னுதான கேக்க வர்ற? நமக்குத்தான் கார் இருக்கே!” அதற்கு மேலும் அழுதாள். இளகிய மனசு, சின்ன வயதிலிருந்தே.

மாலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், முனை தொங்குகிறது. ஆங், அப்படித்தான்.

எங்கே விட்டேன்? அடுத்த வாரம். அந்த வாரம் மெக்கானிக் யாகூப் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், நாற்பது வயது இருக்கும். என் மனைவி சௌந்தரத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள்தான் அவனை வரச் சொல்லியிருந்தாள். “நான் உக்கார்ற சீட்டுக்கு அடியில இருட்டா இருக்கு, செருப்பு தட்டுப்பட மாட்டேங்குது, ஒரு லைட்டும் சுவிச்சும் வைக்கச் சொன்னேன்” என்றாள். வைத்துவிட்டுப் போனான். அந்த லைட் எரிந்து இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் ஏறியதும் ஒரு தடவை குனிவாள், இறங்கும்போது ஒரு தடவை குனிவாள். செருப்பு விஷயத்தில் அவ்வளவு கவனம்.

யாகூப் வந்து போன மறுநாள் நான் மட்டும் பஜாருக்குக் கிளம்பினேன். கிர்ர், கிர்ர். பற்றவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நடந்தே போனேன். அன்று சாயங்காலம் சௌந்தரமும் நானும் கோயிலுக்குக் கிளம்பினோம். அவள் ஏறி உட்கார்ந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். சாவியைத் திருப்பினேன். பூ மாதிரி ஸ்டார்ட் ஆகிறது!

வேறு ஒருவனாக இருந்தால் ‘சரி, வண்டி பழசு’ என்று விட்டிருப்பான். நான் முப்பத்தொரு வருஷம் ரிஜிஸ்டர் எழுதியவன். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எத்தனை தடவை சாவி திருப்பினேன், இடப்பக்கம் யார், பலன் என்ன. ஏழு மாதத்தில் நாற்பத்தொரு பதிவு. சௌந்தரம் இடப்பக்கம் உட்கார்ந்த இருபத்தொன்பது தடவையும் ஸ்டார்ட். அவள் இல்லாத பன்னிரண்டு தடவையும் இல்லை. ஒன்றுகூடப் பிசகவில்லை. பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் சாரை உட்காரவைத்துப் பார்த்தேன். அவர் பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கொத்தவரங்காய் மாதிரி இருப்பார். அவருக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள் தம்பி. சௌந்தரத்திடம் இருப்பது என்ன, ஞானப்பிரகாசம் சாரிடம் இல்லாதது என்ன?

எடை!

பத்து நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். என் வண்டியில் பெட்ரோல் குழாய் டாங்கின் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் நான் மட்டும் உட்கார்ந்தால் வண்டி வலப்பக்கம் சாய்கிறது, பெட்ரோலும் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது, குழாய்க்கு எட்டவில்லை. சௌந்தரம் உட்கார்ந்ததும் மட்டமாகிறது, எட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். இதை ஞானப்பிரகாசம் சாரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரமிப்பு.

பிறகு சௌந்தரத்தை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். “எதுக்கு?” என்றாள். “உன் உடம்பு மேல ஒரு அக்கறைதான்” என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் இல்லாத அக்கறை என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஏறினாள். அறுபத்தெட்டு. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவளிடம் கண்டுபிடிப்பைச் சொல்லவில்லை. எடையைப் பற்றிய விஷயம், வருத்தப்படுவாள். அதோடு, அவள் கூட வருவதிலும் எனக்குச் சந்தோஷம்தான். வண்டியில் ஏறினால் அவளுக்குப் பேச்சே நிற்காது. “மாடு, மாடு! பிரேக்! வலது பக்கம் ஆட்டோ! அந்தம்மாவப் பாத்து, அந்தம்மாவப் பாத்து!” என்று ரோட்டில் போகிற எல்லாரையும் விசாரித்துக்கொண்டே வருவாள். வலது கண்ணில் எனக்குக் கொஞ்சம் புரை இருக்கிறது. டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். தமயந்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். இடது கண் துல்லியமாக இருக்கிறது. நாம் போவதும் ரோட்டின் இடது பக்கம்தானே?

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் பாக்கியம் ஒரு வேன் அனுப்பியிருந்தாள். சீர்த்தட்டு, பட்டு, பழம் எல்லாவற்றையும் சௌந்தரம் அதில் ஏற்றினாள். “நீங்களும் ஏறுங்க” என்றாள். “நீ போ. மாமன் மாலையோட கார்ல காலையில வர்றேன்” என்றேன். “நான் இல்லாம அது கிளம்பாதே” என்றாள். நான் சிரித்தேன். “அந்த ரகசியம் எனக்குத் தெரியும்” என்றேன்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெளுத்துவிட்டது. “என்ன... என்ன தெரியும்?” என்றாள். “எல்லாம் தெரியும், போ” என்றேன். வேனில் ஏறும்வரை காரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

இன்று காலை நாலரைக்கு எழுந்தேன். குளித்து, புது வேட்டி கட்டி, பஜாரில் மாலை வாங்கி வந்தேன். ஐந்தரைக்குக் கார் கதவைத் திறந்தேன். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு எடுத்து இடப்பக்க சீட்டில் வைத்தேன். ஐம்பது ஆயிற்றா? பாக்கி பதினெட்டு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் மூன்று லிட்டர் குறைத்தேன். பதினேழு. கேனின் எடை ஒரு கிலோ. பதினெட்டு. மொத்தம் அறுபத்தெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டப்படி சீட் பெல்ட்டும் மாட்டினேன்.

சாவியைத் திருப்பினேன்.

கிர்ர், கிர்ர், கிர்ர்.

நம்ப முடியவில்லை. கேனைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். கிர்ர். பின்னால் தள்ளினேன். கிர்ர். வேர்த்துக் கொட்டுகிறது. சத்தம் கேட்டு ஞானப்பிரகாசம் சார் பல் தேய்த்துக்கொண்டே மதில் மேல் எட்டிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

“பூவலிங்கம் சார், எல்லாம் பொருத்தமாத்தான் இருக்கு. ஒரு புடவையும் கட்டி விட்டிருந்தா கிளம்பியிருக்கும்” என்றார்.

“சார், கேலிக்கு இது நேரம் இல்ல. ஒம்பது மணிக்கு நான் மாலை போடணும்” என்றேன். என் குரலைக் கேட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் நல்லவர். இந்த மாதிரி விஷயத்தில் இறங்கினால் விட மாட்டார். நான் யாகூப்புக்குப் போன் செய்தேன். அவனும் பைக்கில் வந்துவிட்டான். மணி ஆறே கால்.

ஞானப்பிரகாசம் சார் கையைக் கட்டிக்கொண்டு பாடம் எடுக்கிற மாதிரி ஆரம்பித்தார். “இன்ஜின் ஓடணும்னா மூணு வேணும். சுத்தணும், பொறி வரணும், பெட்ரோல் வரணும். சுத்துது. அப்ப முதல் கேள்வி முடிஞ்சுது. யாகூப், பொறியப் பாரு.”

யாகூப் ஒரு பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னான். நீலமாகப் பளிச் பளிச் என்று பொறி வந்தது.

“ரெண்டாவதும் முடிஞ்சுது. பெட்ரோல் இருக்கா?”

“நேத்துதான் போட்டேன் சார்.”

“இருக்கறது வேற, வர்றது வேற. சாவியப் பாதி திருப்புங்க. இன்ஜினச் சுத்த விடாதீங்க” என்று சொல்லி, பின் சீட்டில் காதை வைத்தார். “இங்க அடியில ஒரு பம்ப் இருக்கு. ரெண்டு விநாடி ‘ஊங்’னு ஒரு சத்தம் வரணும். வரல. பம்ப்புக்குக் கரண்ட் போகல. அவ்வளவுதான், புடிச்சாச்சு! ஒயரத் தேடிக்கிட்டுப் போனா எங்க அறுந்திருக்குன்னு தெரிஞ்சுரும்.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் யாகூப்பின் முகத்தில் ஈயாடவில்லை. “சார், அதெல்லாம் வேணாம் சார், ரொம்ப சிக்கலு” என்றான். அவர் கேட்கவில்லை. பின் சீட்டைத் தூக்கி, ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு கதவு ஓரமாகவே முன்னால் வந்தார். கார்ப்பெட்டை விலக்கிக்கொண்டு வருகிறார், வருகிறார், இடப்பக்க சீட்டுக்குக் கீழே கையை விடப் போகிறார்.

“சார்! தேளு!” என்று கத்தினான் யாகூப்.

ஞானப்பிரகாசம் சார் துள்ளிய துள்ளலில் பனியன் கதவில் மாட்டிக் கிழிந்தது. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேள் இல்லை. “போயிருச்சுண்ணே, உள்ள போயிருச்சு” என்றான் யாகூப். உடனே போனை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டான்.

எனக்கு ஒட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன். “அக்கா, என்னால முடியலக்கா. அரிசிச் சிப்பத்துக்கு பெல்ட் மாட்டி வச்சிருக்காரு. ஞானம் சார் வேற ஒயரப் புடிச்சுக்கிட்டே வந்துட்டாரு, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி... சொல்லிறவா? ... சரிக்கா, சொல்லல. சத்தியமா சொல்லலக்கா.”

அவனுக்கு மேலூரில் ஒரு அக்கா இருக்கிறாள். தொழில் விஷயத்தைக்கூட அவளிடம் கலந்து பேசுகிறான் என்று இன்றைக்குத்தான் தெரியும். குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

திரும்பி வந்தவன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: “அண்ணே, ரிலே போச்சு, பம்ப்புக்குக் கரண்ட் விடுற சாமான். மதுரையில இருந்து வரணும். ரெண்டு நாள் ஆகும்.” ஞானப்பிரகாசம் சார், “ரிலே போச்சுன்னு எத வச்சுப்பா சொல்ற? தேள் வந்து சொல்லுச்சா?” என்றார். யாகூப் அவரைக் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போய் ஏதோ விளக்கினான். கொஞ்ச நேரத்தில் அவரும் தலையாட்டிக்கொண்டு வந்தார். “ஆமா சார், ரிலேதான். சந்தேகமே இல்ல” என்றார். பௌதிகம் படித்தவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் என்ன சொல்ல?

ஆனால் பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை தம்பி. சால்வையோடு நின்று சொன்ன சொல். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ‘கார் மாமா’ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். “கார் போனா நான் போறேன், இல்லன்னா இல்ல” என்றேன். மாலை மடியில் கிடக்கிறது. ஞானப்பிரகாசம் சாரும் யாகூப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது சௌந்தரம் போன் செய்தாள். எப்படித்தான் தெரிந்ததோ, வண்டி கிளம்பியதா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏங்க, தங்கபாண்டி பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு மணவறைகிட்டயே நிக்கிறாரு.”

தங்கபாண்டி என் பெரியப்பா மகன். எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. முறைப்படி பார்த்தால் அவனும் தமயந்திக்கு மாமன்தான்.

“நிக்கட்டும். அதுக்கென்ன?”

“அண்ணன் வரலன்னா மாலைய நான் போட்டுர்றேன்னு சொல்றாரு. பாக்கியம் ஒண்ணும் பேசாம நிக்கிறா.”

அதற்குப் பிறகு நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. தமயந்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவன் நான். காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்தாள். அழுத அழுகையில் என் சட்டையை நனைத்தாள். அந்தக் கழுத்தில் தங்கபாண்டி மாலை போடுவதா? பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்க வருகிற பயல் அவன்! “எட்றா பைக்க!” என்றேன். யாகூப் எடுத்த எடுப்பில் சாரின் துண்டு பறந்து வேலியில் விழுந்தது.

பஸ் நிலையத்துக்கு வந்தால், இந்த வண்டிக் கண்டக்டர் பால்ச்சாமி இந்த சீட்டில் துண்டு போட்டு வைத்திருக்கிறான். நான் வருவேன் என்று சொல்லவே இல்லை. “வாங்கய்யா, உங்களுக்குத்தான்” என்றான். ஆறு வருஷம் ஆயிற்று நான் ஓய்வு பெற்று. பழைய மரியாதை அப்படியே இருக்கிறது.

தேனி வந்துவிட்டது பாருங்கள். எட்டு பதினாறு. இங்கே பத்து நிமிஷம் நிற்கும்.

...

இருபத்தாறு ஆயிற்று. டிரைவர் எங்கே? அதோ, வடைக் கடையில். சட்னிக்கு நிற்கிறான். இருபத்தேழு. தம்பி, இந்த முனையையும் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம்.

...

கேட்டீர்களா விசிலை? இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். எப்படி ஓடி வந்தான் பார்த்தீர்களா? வடை வாயில், சட்னி சட்டையில். அவனோடு வேறு இரண்டு வண்டி டிரைவர்களும் ஓடி வந்து அவரவர் வண்டியில் ஏறிவிட்டார்கள். பாவம், அந்த வண்டிகள் ஒன்பதுக்குத்தான்.

மாலையைக் கொடுங்கள். கை வலிக்கிறதா? இன்னும் கொஞ்ச தூரம்தான். குன்னூர் தாண்டிவிட்டால், ஊட்டிப் பக்கத்துக் குன்னூர் இல்லை, இது எங்கள் தேனிக் குன்னூர், அப்புறம் நேர் ரோடு.

உண்மையைச் சொல்கிறேன் தம்பி, பயமாக இருக்கிறது. மணி எட்டு ஐம்பது. ஆண்டிப்பட்டி பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபத்துக்குத் திரும்ப ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து ஆகிவிடும். அதற்குள் தங்கபாண்டி... பாக்கியம் அவனை ‘போடு’ என்று சொல்லிவிடுவாளோ? அவளும்தான் என்ன செய்வாள்? நேரம் போனால் போனதுதானே. அதை என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் எத்தனை பேரை ஒரு நிமிஷத்துக்காக விட்டுவிட்டு வண்டியை அனுப்பியிருக்கிறேன். கைக்குழந்தையோடு ஓடி வந்தவர்களைக்கூட.

என்ன பால்ச்சாமி? மண்டபத்து வாசல்லயே நிறுத்துறியா? அங்க ஸ்டாப்பிங் இல்லையேப்பா. யாரு சொன்னா? ... சௌந்தரமா? அவ எப்ப உன்கிட்டச் சொன்னா? நேத்து மத்தியானமேவா? நேத்து கார் நல்லாத்தானே இருந்துச்சு!

பார்த்தீர்களா தம்பி, அவளுக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது. ரிலே போகப் போகிறது என்று சொப்பனம் கண்டிருப்பாள். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லை.

அதோ மண்டபம், அதோ! வாழை மரம் கட்டியிருக்கிறது பாருங்கள். வாசலில் என்ன, நாற்காலிகளைக் குறுக்கே வரிசையாகப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? இரண்டு பேர் கையில் கம்பு வேறு. நடுவில் பட்டுச் சட்டையில் இருப்பது தங்கபாண்டி. மணவறைகிட்ட நிற்கிறான் என்றாளே சௌந்தரம்? ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற பெரியவர் யார்? ஃபிளெக்ஸுக்குள் இருந்து தலை வெளியே வந்ததே, அந்தப் பெரியப்பாதான். ஒரு வெள்ளைக் கார் போகிறது, அதைப் பார்த்து எல்லாரும் எழுந்து கையை விரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். என் கார் என்று நினைத்துவிட்டார்கள் போல. என்ன ஒரு ஆவல்!

பால்ச்சாமி படியில் தொங்கிக்கொண்டு கத்துகிறான் கேளுங்கள். “மாமா பஸ்லதான் வந்துருக்காரு! காரு வரல!”

அடேயப்பா, தங்கபாண்டி நாற்காலியை எடுக்கிற வேகத்தைப் பாருங்கள். எனக்கு வழிவிடுகிறான். முகத்தில் பொறாமையே இல்லை தம்பி, பல்லெல்லாம் தெரிகிறது. பெரியப்பா தூணைவிட்டு வெளியே வந்துவிட்டார். மேளம் ஆரம்பித்துவிட்டது. ஐந்து நிமிஷம் பாக்கி இருக்கிறது, எட்டு ஐம்பத்தைந்து!

அதோ பாக்கியம். சௌந்தரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுகிறாள். பார்த்தீர்களா? காரில் வர வேண்டிய அண்ணன் இப்படிப் பஸ்ஸில் வந்து இறங்குகிறானே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

வருகிறேன் தம்பி. மாலைக்கு ரொம்ப உபகாரம். கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், இங்கிருந்தே அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிடுகிறேன்.

“பாக்கியம்! அழாதம்மா! சின்னவ கல்யாணத்துக்கு அண்ணன் கார்லயே வந்துர்றேன்!”

பாருங்கள், இன்னும் பலமாக அழுகிறாள்.

பாசம்.